திரும்பாமல் நீட்டிய துண்டு

எனக்குப் பயம் என்பது சின்ன வயதிலிருந்தே கிடையாது, கூச்சம்தான் உண்டு. வீட்டுக்காரர் போனபிறகு தனியாகத்தான் இருக்கிறேன், சுடுகாட்டை ஒட்டின பாதையில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வேறு வேலை இல்லையா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், அதற்கும் கூச்சம். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைத் தப்பாக எழுதவில்லை.

ஓரிக்கை போகிற வழியில் இருக்கிற பெரிய விளையாட்டு வளாகத்தில்தான் எனக்கு வேலை. ஷட்டில் ஆடுகிற கூடம், ஜிம், வாக்கிங் பாதை, பிள்ளைகளுக்குச் சறுக்குமரம், நடுவில் நீச்சல் குளம். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது கவிதா மேடம். மோட்டார் நின்றாலும் அவர்தான், ஷட்டில் கூடத்தில் சண்டை வந்தாலும் அவர்தான், நீச்சல் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். பெண்களுக்கென்று குளத்தில் தனி நேரம் வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டு, நடையாய் நடந்து வாங்கினார். கொடுத்தது உச்சி வெயில் நேரம், ஆண்கள் யாரும் கேட்காத நேரம். அதுவாவது கிடைத்ததே என்று சுற்றிலும் பச்சை வலை கட்டி, உள்ளே என்னை உட்காரவைத்தார்.

வேலை பெரிய வேலையில்லை. துண்டு கொடுக்க வேண்டும், ஆழமான பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

"ஆயா, நான் இந்தப் பக்கம் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்துக்கினு இருப்பேன். ஆழத்துல யாராச்சும் முங்கி எழலன்னா விசில் ஊதுங்க. உங்க கண்ணை நம்பித்தான் விடுறேன்" என்றார் மேடம்.

அந்தக் கண்தான் சரியில்லை. பார்வைக் கோளாறு என்று நினைக்காதீர்கள், ஊசியில் நூல் இப்போதும் கோப்பேன். தொடை தெரிய உடுப்புப் போட்டுக்கொண்டு பெண்கள் இறங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பெற்ற மகளையே வயதுக்கு வந்தபிறகு அப்படிப் பார்த்ததில்லை. முதல் நாளே நாற்காலியைக் குளிக்கிற அறைகள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன், கடைசி அறைக் கதவு கைக்கெட்டுகிற தூரம், முதுகுக்குப் பின்னால் குளம். மேடம் இந்தப் பக்கம் பார்த்தால் கொஞ்சம் தலையைக் குளத்துப் பக்கம் திருப்புவேன், அவ்வளவுதான். பெண்களுக்கு அது சிரிப்பு.

"ஆயா செவுத்துக்குக் காவல் இருக்குது, ஓடிடப் போவுது பாரு!" என்பாள் யாமினி, ஒன்பதாவது படிக்கிற பெண், வாய்த்துடுக்கு. நானும் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன்.

அறைக்குள்ளிருந்து யார் துண்டு கேட்டாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் கதவுக்கு மேலே நீட்டுவேன். கடைசி அறையிலிருந்தும் ஒரு குரல் தினமும் கேட்கும்.

"யக்கா, துண்டு குடேன்."

ஊரே என்னை ஆயா என்கிறது, அந்தக் குரல் மட்டும் அக்கா என்றது. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. நீட்டுவேன், விரல் நுனி படும், சில்லென்று இருக்கும், குளித்தவள் கைதானே. பிறகு ஈரத்துண்டு கதவின்மேல் கிடக்கும், தடவி எடுத்துக் கூடையில் போடுவேன். யார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அன்றைக்கு நல்ல கத்திரி வெயில். மேடம் அந்தக் கோடியில் ஒரு குழந்தையை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார். கடைசி அறையிலிருந்து, "யக்கா" என்று மட்டும் வந்தது, துண்டு என்று வரவில்லை. நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தித் துண்டை நீட்டினேன். துண்டை வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தது.

நம்பினால் நம்புங்கள், பிடித்து ஒரு இழு இழுத்ததில் நாற்காலியோடு நான் சுற்றிவிட்டேன், பிளாஸ்டிக் கால் தரையில் கிறீச்சென்று தேய்ந்தது இன்னும் காதில் இருக்கிறது. முகம் நேராகக் குளத்தைப் பார்த்து நின்றது. ஆழத்தில் முடி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. முகம் இல்லை, கை இல்லை, கறுப்பாக முடி மட்டும் விரிந்துகொண்டு.

விசிலை வாயில் வைத்தேன். ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். மேடம் பாய்ந்து போய்த் தூக்கினார். யாமினி. கரையில் போட்டு நெஞ்சை அழுத்தி அழுத்தி, தண்ணீர் வாய்வழியாக வந்து, அவள் இருமினபோதுதான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வளையலுக்கு மேலே ஈரம் மட்டும்.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு கடைசி அறைக் கதவைத் தட்டினேன். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தேன். வெளியே பூட்டுத் தொங்கியது. பம்ப் பார்க்கிற முருகன் வந்தான்.

"அது குளிக்கிற ரூமே இல்ல ஆயா, பிளீச்சிங் பவுடர் வெக்கிற எடம். பைப்பே குடுக்கல" என்று திறந்து காட்டினான். கதவுவரை மூட்டை. ஒரு ஆள் நிற்க இடமில்லை. தரையில் வெள்ளைத் தூள், ஒரு கால்தடம் இல்லை.

"அப்போ கதவு மேல தெனமும் துண்டு கெடக்குமே?"

"நீதான் காயப்போட்டு வெக்கிறேன்னு நெனச்சேன்" என்றான்.

யாமினி பிழைத்துவிட்டாள். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வளாகத்திலேயே கூட்டம் போட்டு, மைக் வைத்து, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டு நெய்கிற ஊரில் நைலான் பொன்னாடைதான், ஆனாலும் அது தோளில் ஏறினபோது பாரமாக இருந்தது. யாமினியின் அம்மா காலில் விழுந்தாள்.

"கண்ணு இமைக்காம பாத்துக்கினு இருந்தியாமே ஆயா! நீ இல்லன்னா எம்பொண்ணு இல்ல!"

"நான் பாக்கலம்மா" என்றேன். உண்மையில் அதைத்தான் சொன்னேன்.

"பாருங்க, எவ்ளோ அடக்கம்!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அடக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள். யாமினி மட்டும் கை தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவுத்துக்குக் காவல் என்று சொன்னவள் அவள்தானே.

கூட்டம் கலைந்ததும் கடைசி அறைக்குப் போனேன். "இது உனக்குத்தான் சேரணும்மா" என்று பொன்னாடையைக் கதவின்மேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் போனால் அது என் நாற்காலியில் இருந்தது. சொட்டச் சொட்ட ஈரம், ஆனால் கடையில் புடவை மடிக்கிற மாதிரி விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்திருந்தது. முருகனைக் கேட்டேன், கூட்டுகிறவளைக் கேட்டேன், யாரும் தொடவில்லை என்றார்கள்.

இப்போது நாற்காலியைத் தண்ணீரைப் பார்த்துத்தான் போடுகிறேன். கூச்சம் போகவில்லை, ஆனாலும் ஒவ்வொரு தலையையும் பார்க்கிறேன். கடைசி அறையிலிருந்து அப்புறம் யாரும் துண்டு கேட்கவில்லை, அக்கா என்றும் கூப்பிடவில்லை. பொன்னாடை வீட்டில் கொடியில் கிடக்கிறது. எத்தனையோ வெயில் பார்த்துவிட்டது, ஒரு முனை மட்டும், விரல் பிடிக்கிற அளவுக்கு, இன்னும் காயவில்லை.

வேண்டாம் என்று ஏன் திருப்பிக் கொடுத்தாள் என்று யோசித்துக்கொண்டே படுப்பேன். ஒன்றுதான் தோன்றுகிறது. அதை அந்தக் கதவின்மேல் போடும்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டேன்.