கை நனைத்தவர்கள்

மலையாள அதிகாரிகளுக்கும் தமிழ்ச் சனங்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் தொழில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அனுபவித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

புதுச் சட்டம்

முன்பெல்லாம் கல்குவாரி அனுமதி என்பது முதலாளியும் மேலிடத்து நண்பர்களும் விருந்தினர் மாளிகையில் பேசி முடிக்கிற காரியம். வெடிச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊருக்கே தெரியும். ஊராரை அவர்கள் மொழியிலேயே விசாரிக்காமல் இனி அனுமதி கிடையாது என்று சட்டம் வந்தபோது சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் விசாரணை எல்லையோரத்து நல்லேப்பிள்ளிப் பக்கம். அங்கே குவாரியை இன்னும் விரிவாக்கினால் தன் கிணறு வற்றிவிடும் என்று பயந்துகொண்டிருந்தார் பழனிச்சாமி என்ற விவசாயி. அவருடைய நெல்லும் மாடுகளும் அந்தக் கிணற்றை நம்பித்தான். நானே தேடிப் போய்ச் சட்டத்தை விளக்கினேன். நம்ப முடியாமல் கேட்டார்: "அப்ப நாம வேண்டாம்னு சொன்னா, கெணறு தப்பிச்சுக்குமுங்களா?"

பந்தி

விசாரணை கல்யாண மண்டபத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாடு குவாரி முதலாளியுடையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பாயசம் ஊற்றினார், பழனிச்சாமிக்கு இரண்டு தடவை. பிறகு அதிகாரி வந்து, யாருக்காவது எதிர்ப்பு உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். காலையில் டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்த கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. மறுபடியும் கேட்டேன், கெஞ்சுகிற குரலில். மொழிபெயர்க்க ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. எதிர்ப்பில்லை என்று பதிவாயிற்று.

வாசலில் பழனிச்சாமியை மறித்துக்கொண்டு, பந்தியில் உட்காராமலாவது இருந்திருக்கலாமே என்று கோபப்பட்டேன். கூப்பிட்ட பந்திக்கு வராமல் போவது பகையாளி செய்கிற வேலை என்றார். பிறகு கேட்டார்: "கை நனைச்ச எடத்துலயே ஒருத்தரை எப்படீங்க குத்தம் சொல்றது?"

லாரித் தண்ணீர்

அடுத்த கோடையில் பழனிச்சாமியின் கிணறு வற்றியது. மாடுகளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. புகார் கொடுக்கச் சட்டத்தில் இன்னும் வழி இருந்தது. அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சொம்பை நீட்டினார். வெயிலில் வந்தவன், மடமடவென்று குடித்துவிட்டுப் புகாரைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

அவர் தெருவைக் காட்டினார். முதலாளியின் பெயர் எழுதிய தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். காசு வாங்குவதில்லையாம். பழனிச்சாமி என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னார்: "தெனமும் அவரு தண்ணியத்தானுங்க குடிக்கறோம். இப்ப நீங்களும் குடிச்சுப்போட்டீங்க."

முதலாளியின் செல்வாக்கு நுழையக்கூடிய கதவுகளையெல்லாம் அடைத்துத்தான் சட்டம் எழுதினார்கள்; பாயசமும் தண்ணீரும் வருகிற வழி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.