அன்று கொடி ஏறவில்லை

1984இல் பேராதனைப் பொறியியல் பீடம். எங்கள் கரையிலிருந்து அங்கே போன முதல் பெண். 1990இல் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து மடுக் கோயில் அகதி முகாமில் கிடந்தபோது, வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடம். 1995இல் கலாநிதிப் பட்டம். 2008இல் மின்பொறியியல் பேராசிரியர். இலக்கமுறைத் தொடர்பாடல் பற்றி நாற்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகள். இவை என் தங்கை பெற்றிசியா வென்றவை. ஒவ்வொன்றின் கடதாசியையும் பார்த்தே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கள் ஊர் அம்புறோஸ் மாஸ்டர் அவளுடைய பாராட்டு மலருக்கு எழுதியதை வாசிக்க எனக்குத் தெரியும். ‘எச்சரிக்கையை மதியாமல் கடலுக்குப் போய் மாண்டவரின் மகள்’ என்று எழுதியிருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

“ஆர் மாஸ்டர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?”

“ஊரெல்லாம் சொல்லுற கதைதானே. பழசை ஏன் செலீனா கிண்டுறாய்?”

“நீங்கள் அச்சடிக்கலாம், நான் கிண்டக்கூடாதோ?”

நடந்தது இதுதான். புயல் எச்சரிக்கை வந்தால் மீனவர் சங்கக் கந்தோர் வாசலில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். தொலைபேசியில் செய்தியைக் கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். அன்று பாதிச் செய்தியில் தொடர்பு அறுந்தது. செய்தி கேட்ட சங்கக் கிளாக்கர் மறுபடி எடுத்துக் கேட்கவில்லை. கொடியும் ஏறவில்லை. அப்பா வள்ளத்தை இறக்கினார்; திரும்பி வரவில்லை.

எட்டாம் நாள் கிளாக்கர் ஒரு கடிதத்தோடு வந்து அம்மாவின் பெருவிரலில் மை பூசினார். ‘கொடி ஏற்றியிருந்தும் போனார்’ என்று அதில் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. வாசித்தேன், பயத்தில் வாய் திறக்கவில்லை. ஏழு வயதுப் பெற்றிசியா சத்தமாக வாசித்தாள்.

“பொய்! கொடி இல்லை!”

“பொத்தடி வாயை!” என்றார் கிளாக்கர்.

அவள் அவருடைய பேனையைப் பறித்து, அடியில் ‘கொடி ஏற்றவில்லை’ என்று எழுதி ஒப்பமிட்டாள். அம்மா மை விரலைச் சீலையில் துடைத்தார். கிளாக்கர் தாளை வீசிவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பொய்யை ஊரில் விட்டுத்தான் போனார்.

அறுந்து வரும் செய்தியை, வாங்கும் கருவியே கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்கும் வழிகளைத்தான் பெற்றிசியா முப்பது வருடமாக ஆராய்கிறாள், படிப்பிக்கிறாள். மாணவர் ‘விளங்கிச்சு’ என்றால் விடமாட்டாள். “விளங்கினதைத் திருப்பிச் சொல்லுங்கோ” என்பாள்.

அந்தத் தாளை என் அலுமாரியிலிருந்து எடுத்துப்போய் மாஸ்டரின் மேசையில் வைத்தேன். அவர் தன் வரியை வெட்டினார். வெட்டினால் போதுமா? ஐம்பது வருடம் என் அப்பாவைத் திமிர் பிடித்தவர் என்ற ஊர், நடந்ததைத் திகதியோடு வாசிக்க வேண்டும். அதனால்தான் அதே மலருக்கு இதை எழுதுகிறேன். பெற்றிசியா தன் பெயரை முதன்முதலாக ஒப்பமிட்டது 1971 கார்த்திகை 26.