சாவியை எடுத்த பின்னும் எரிந்த விளக்கு

கல்யாணமாகி அன்னூர்ப் பக்கத்திலிருந்த தோட்டத்து வீட்டுக்கு நான் வந்து இறங்கியது ஒரு மாலை மங்கும் நேரம். என் கணவர் வால்பாறை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையிடமிருந்து வாங்கிய பழைய காரில் வந்தோம். அதன் முன்விளக்குகள் இரண்டும் பித்தளைக் குடங்களைப்போல் பெரியவை. அவற்றின் வெளிச்சத்தைக் காணவே ஊரே வாசலில் கூடியிருந்தது. என் மாமியார் ஆலாத்தித் தட்டை எங்கள் முகத்துக்கு நேராக உயர்த்தி முதல் சுற்றைத் தொடங்கிய கணத்தில், டிரைவர் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

கூட்டத்தில் யாரோ ஒருத்தி "ஐயோ" என்று தொடங்கி, மீதியை விழுங்கினாள். மாமியாரின் கை நிற்கவில்லை. சுற்றி முடித்து, பொட்டு வைத்து, "வா கண்ணு, வலது காலை எடுத்து வெச்சு வா" என்றார். ஆனால் அவர் கண் என்மேல் இல்லை. இருண்டுபோன அந்தக் கண்ணாடிகளின்மேல் இருந்தது.

அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொங்கு நாட்டு மரியாதையில் வசைக்கு இடமில்லை. அதனாலேயே அதை எதிர்த்து வழக்காடவும் இடமில்லை. மழை பொய்த்துக் கிணறு வற்றிய ஆண்டில், "கலியாணத்தன்னைக்கே வெளக்கு..." என்று பக்கத்துத் தோட்டத்து அம்மாள் ஆரம்பித்த வாக்கியம், நான் மோர் கொண்டு வந்ததும் மோரைப் பற்றியதாக மாறிவிட்டது. வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கு ஆலாத்தித் தட்டு எடுத்தாலும், மாமியார் என்னிடம் மிகுந்த பரிவோடு சொல்வார்: "கண்ணு, நீ உள்ளார போயி சித்தெ உக்காரு. வெய்யலு உனக்கு ஆவாது." தை மாத விடியலிலும் எனக்கு ஆகாத வெயில் அந்த வாசலில் அடித்துக்கொண்டிருந்தது.

என் கணவரின் தங்கைக்குக் கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமானது. அந்த வீட்டில் எனக்கு வாய்த்த தோழி அவள்தான். அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்பார்கள். அவள் அந்த வார்த்தையை ஒரு சொந்தப் பெயரைப்போல் அழைப்பாள். ஒரு நாள் சமையலறையில் தன் தாயின் எதிரே நின்றுகொண்டு அவள் சொன்னாள்:

"எனக்கு ஆலாத்தி நங்கைதான் எடுக்கோணும். இல்லீன்னா நான் வண்டிய உட்டு எறங்க மாட்டேன்."

"எறங்காம? வண்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணுவியா?"

"பண்ணுவேன். அடுப்பும் ஒண்ணு வெச்சுக் குடுங்க."

மாமியார் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, உன்ற மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த வண்டி நின்னா வெளக்கும் அமந்துபோகுது. அந்த வண்டி வேண்டாம், மாட்டுவண்டி கட்டிக்கலாம்ங்கறேன். வெளக்கு நின்னு எரிஞ்சுதுன்னா நீயே தட்டை எடு. நானா வேண்டாங்கறேன்?"

ஆகாத காரியத்துக்கு விதித்த நிபந்தனையாகத்தான் அவர் அதைச் சொன்னார். எனக்கோ, இத்தனை நாளும் பிடி கிடைக்காமல் காற்றில் மிதந்துகொண்டிருந்த ஒன்று முதன்முறையாகக் கையால் தொடக்கூடிய பொருளாகிவிட்டது. சகுனத்தை என்னால் திருத்த முடியாது. கம்பியைத் திருத்தலாம்.

கோயமுத்தூர் மிஷன் பள்ளியில் படித்தபோது, ஒரு மின்கலம், ஒரு சிறு பல்பு, இரண்டு துண்டுக் கம்பி ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை எங்களுக்குக் காட்டியது நினைவிலிருந்தது: மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வழி வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, மறுநாள் உச்சிவேளையில் கார்க்கொட்டகைக்குப் போய், டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, முன்பலகையின் அடியில் தலையை நுழைத்துப் படுத்தேன்.

"ஏனுங்கம்மணி, எறங்கி வாங்க. பெரியம்மா பாத்தா என்னைத்தான் கேப்பாங்க."

"சாவியைப் போட்டு ஒருதரம் திருப்புங்க."

முதல் திருப்பில் எஞ்சினுக்கு மின்சாரம். இரண்டாவது திருப்பில் விளக்கு. விளக்குக்கென்று தனியாக ஒரு சுவிட்சு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை மட்டும் இருந்தது. பலகைக்குப் பின்னால், துணி சுற்றிய பழைய கம்பிகளின் நடுவே, பிற்பாடு ஒட்டுப்போட்ட மஞ்சள் கம்பி ஒன்று சாவித்துளையின் முதுகிலிருந்து முன்விளக்குகளுக்குப் போனது. வண்டி பிறக்கும்போது அப்படிப் பிறக்கவில்லை. துரை வேண்டுமென்றே சுவிட்சைக் கழற்றிவிட்டு விளக்கைச் சாவியோடு கட்டியிருக்கிறார். ஏன் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கம்பியைச் சாவியிலிருந்து பிரித்து, பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியோடு நேராக முறுக்கினேன். பாட்டரியை மறுபடி மாட்டியதும் விளக்குகள் எரிந்தன. சாவியை எடுத்தோம், எரிந்தன. டிரைவர் கும்பிட்டுவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செரிங்கம்மணி. இப்ப எப்படிங்க அமத்தறது?"

நான் மறுபடி பலகையின் அடியில் தலையை நுழைத்தேன்.

"முந்தி எரிய மாட்டேன்னுச்சு. இப்ப அமர மாட்டேங்குது. மாமியாளுக்கும் மருமவளுக்கும் நடுவுல இந்த வண்டி என்னதாங்க பண்ணும்?"

அன்று மாலை என் கணவரிடம், நகரத்துக்குப் போகும்போது ஒரு சுவிட்சு வாங்கி வரச் சொன்னேன். நீலகிரிப் பைகாராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு, வீட்டுச் சுவர்களில் பொருத்தும் உருண்டையான பீங்கான் சுவிட்சுகள் கோயமுத்தூர்க் கடைகளில் கிடைத்தன. "நம்மூட்டுக்குக் கரண்டே வரலியே, சுவிட்சு எதுக்கு?" என்றவர், எதற்கென்று கேட்டறிந்ததும் கொட்டகைக்குப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "வண்டி பத்திக்கிச்சுன்னா கெணத்துல தள்ளிப்போடலாம். தண்ணிதான் இல்ல" என்றார். அதுவே அவருடைய சம்மதம்.

சுவிட்சைப் பலகையின் அடியில் ஒரு மரக்கட்டையில் இறுக்கி, மஞ்சள் கம்பியை அதன் வழியாகச் செலுத்தினேன். கம்பி சூடேறினால் முதலில் அறுந்து வண்டியைக் காப்பதற்காக, நடுவில் மெல்லிய ஃபியூஸ் கம்பி ஒன்றையும் சேர்த்தேன். சுவர்ச் சுவிட்சுக்கே உரிய அந்தக் கனத்த 'டக்' என்ற ஓசையோடு விளக்குகள் வந்தன, போயின. மாமியாரை அழைத்துக் காட்டினேன். அவர் சாவியைத் தம் கையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, எரியும் விளக்குகளைப் பார்த்தபடி நின்றார். "ம்" என்றார். மாட்டுவண்டிப் பேச்சு அதன்பின் எழவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் விடியுமுன் நடக்கும். ஊர்க் கோயிலில் தாலி கட்டி முடிந்து, மணமக்களின் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. நான் தட்டோடு நின்றேன். டிரைவர் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் காணும்படி சாவியை உயர்த்திப் பிடித்து, மடியில் செருகினார். விளக்குகள் நின்று எரிந்தன. என் கை மூன்று சுற்றும் சுற்றியது. குலவையிட்டவர்களில், அந்தப் பழைய "ஐயோ"வின் மீதியை விழுங்கியவளும் இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நானோ, கம்பிகளைப் பற்றி அறிந்த வேறு எவருமோ எதிர்பார்த்திருக்க முடியாது. யாரும் அந்த விளக்குகளை அணைக்கவில்லை. நின்று எரிந்த மங்கல விளக்கு அல்லவா! ஒருத்தி அவற்றின் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். இன்னொருத்தி பூச்சரம் சுற்றினாள். பொழுது விடிந்தது, வெயில் ஏறியது, பந்தலில் பந்தி மேல் பந்தியாக உறவினர்கள் உண்டு எழுந்தார்கள். காரின் விளக்குகள் சூரியனுக்கு எதிரே எரிந்துகொண்டேயிருந்தன. பரிமாறி ஓய்ந்து வெளியே வந்த நான் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இழை, பழுத்த மிளகாயின் நிறத்துக்கு இறங்கியிருந்தது.

துரை ஏன் விளக்கைச் சாவியோடு கட்டினார் என்பது அப்போது விளங்கியது. அவர் சகுனம் பார்க்கவில்லை, பாட்டரியைக் காப்பாற்றினார்.

டிரைவரைத் தேடிப் பிடித்து, "ஏன் அமத்தலீங்க?" என்றேன்.

"நானுங்களா? கலியாணத்து வெளக்க நான் அமத்தறதுங்களா? என்ற பொண்டாட்டி சோறு போட மாட்டாளுங்க."

எஞ்சினை ஓட விட்டும் பயனில்லை; நின்ற இடத்தில் மெல்ல ஓடும் எஞ்சின் பாட்டரிக்கு எதையும் திருப்பித் தராது. இன்னும் சிறிது நேரத்தில் விளக்குகள் தாமாகவே, இத்தனை உறவினர் கண்ணெதிரில் அணையும். பாட்டரி முழுதும் வற்றிவிட்டால் வண்டியும் கிளம்பாது. அப்புறம் அந்தப் பெண் புகுந்த வீட்டு வாசலில் என்ன கதையோடு போய் இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதைக்குள் நான் வாழ்ந்திருக்கிறேன்.

நேராக மாமியாரிடம் போனேன். தாம்பூலத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, வெளக்கு தானா அமரப்போகுதுங்க. பாட்டரியில தெம்பு இல்லைங்க. இப்பவே நாம அமத்தோணும்."

"நல்ல நாளும் அதுவுமா..." என்றது சுற்றியிருந்த பெண்களில் ஒரு குரல். நான் நகரவில்லை. "எண்ணெ வத்தின வெளக்குங்க அத்தை. கருகி அமர்றதுக்கு முன்னாடி அனுப்பிப்போடலாமுங்க" என்றேன்.

மாமியார் அடுக்கிக்கொண்டிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். எழுந்து, ஒரு கிண்ணத்தில் பாலும், தட்டிலிருந்து ஓர் அரளிப்பூவும் எடுத்துக்கொண்டார்.

"தானா அமரக் கூடாது கண்ணு. நாமதான் மரியாதையா அனுப்போணும். வெளக்குன்னா எல்லாம் ஒண்ணுதான்."

குத்துவிளக்கைக் குளிர வைப்பதுபோலவே, பூவைப் பாலில் தோய்த்து, காரின் ஒரு கண்ணாடியைத் தொட்டார், பிறகு மற்றதை. சூடேறிய கண்ணாடி விரிசல் விடுமோ என்று நான் குனிந்து பார்த்தேன். விடவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உன்ற கையால அமத்து."

டக்.

யாரும் எந்த வார்த்தையையும் விழுங்கவில்லை.

பாட்டரி ஓய்ந்திருந்து மிச்சத் தெம்பைச் சேர்த்துக்கொண்டது. பிற்பகலில் டிரைவர் வண்டியின் முன்னால் நின்று, அதைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்ற, எஞ்சின் இருமி, தயங்கி, பிடித்துக்கொண்டது. மணமகள் ஏறினாள். நான் கதவருகே நின்றபோது மாமியார் என் முழங்கையைத் தொட்டார்.

"நீயும் ஏறிக்கோ அம்மணி. அங்கத்தவங்களுக்கு எந்தச் சுவிட்சுன்னு தெரியாது."

"வெய்யலுங்க அத்தை" என்றேன்.

"ஏறுங்கறேன்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதடு மட்டும் கோணியது.

ஓடிய தூரமெல்லாம் பாட்டரி நிரம்பிக்கொண்டு வந்தது. வாழைத் தோப்புகளைக் கடந்து மாப்பிள்ளை வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நான் விளக்கைப் போட்டேன். டிரைவர் சாவியை எடுத்தார். வெள்ளை வெளிச்சத்தில் அவர்கள் வீட்டு ஆலாத்தித் தட்டு சுற்றியது. மணமக்கள் உள்ளே போனதும், அந்த வீட்டுப் பெரியம்மாளிடம் கொஞ்சம் பாலும் ஒரு பூவும் கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றார் அவர், காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து.

எனக்கு முன்னே டிரைவர் பதில் சொன்னார்.

"எங்கூட்டு வழக்கமுங்க."