எருமைத் தோலில் 786

ஆம்பூரில் எங்கள் தெருவில் 786 என்று எழுதாத பொருள் குறைவு. பக்கத்து வீட்டு பீபி மளிகைச் சீட்டு எழுதினாலும் தலைப்பில் அந்த எண்தான். வண்டிப் பலகை, கடை நிலை, தோல் கட்டும் சாக்கு, எங்கும் அதுவே. நாங்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அவர்கள் இதைப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்த திமிர். அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

என் கணவருக்கு அப்போது சாயபுவின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், புது வேலை. பதனிட்டுக் காய்ந்த தோல்களுக்கு அடையாளம் குத்திக் கட்ட வேண்டும். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாக்குல மட்டும் இன்னாத்துக்கு? ஒவ்வொரு தோல்லயும் 786 குத்திட்டேன். தகரத்துல நானே அச்சு வெட்னேன். சாயபு பாத்தா அசந்துடுவாரு."

அவர் போனதும் பெருமை தாளாமல் பீபியிடம் ஓடிச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"எந்தத் தோலு?"

"எருமைத் தோலு, அக்கா."

"யா அல்லா! அது செருப்புக்கு அடியில வெக்கிற தோலாச்சே!"

அவள்தான் விளக்கினாள். இறைவன் பெயரால் தொடங்கும் அவர்களுடைய வேத வாக்கியத்தின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 786 வருமாம். காகிதம் தெருவில் விழும், மிதிபடும். அந்த வாக்கியம் மிதிபடக் கூடாது என்றுதான் எண்ணாகச் சுருக்கி எழுதுகிறார்களாம். அதைத்தான் இந்த மனுஷர் மிதிக்கிற தோலில் குத்தி வைத்திருக்கிறார்.

வேலை போகும், ஷாப்பில் கொடுத்த வீடும் போகும். வேண்டுமென்றே செய்தான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால், இந்தத் தெருவில் யார் முகத்தில் விழிப்பது?

"நீயே போய் சாயபு கிட்ட சொல்லிடு தங்கச்சி. வேற யாரும் சொல்றதுக்கு முன்னால போ" என்றாள் பீபி.

ஷாப்பு வாசலில் சாயபுவின் ஜட்கா வண்டி அப்போதுதான் வந்து நின்றது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாயபு, எங்க வூட்டுக்காரரு தெரியாம பண்ட்டாரு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். கத்தியை வாங்கி, எண் விழுந்த இடத்தை ஒவ்வொரு தோலிலும் அவரே அறுத்தெடுத்துத் தன் சால்வையில் சேர்த்தார். நல்ல தோலெல்லாம் ஓட்டையானது. என் கணவர் தூணோரம் ஒதுங்கி நின்றிருந்தார்.

ஒரு தோல் மட்டும் குறைந்தது. வாலாஜாபேட்டைச் செருப்புக்காரர் ஒருவர் காலையிலேயே வாங்கிப் போய்விட்டாராம். எந்தக் கடைக்காரர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சாயபு என் கணவரைப் பார்த்தார். "மரியாதைன்னு நெனச்சுதானே செஞ்ச? வேலைக்கு வா. மேல அல்லா கேள்வி கேட்டா, பதில் சொல்ல வேண்டியவன் நான்."

சால்வையில் இருந்த துண்டுகளை அவர் மறுபடி மறுபடி எண்ணினார். வேலை பிழைத்ததே என்று நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அவர் எண்ணுவதைப் பார்த்ததும் முன்னைவிடப் பயந்துபோனேன்.

அதன்பிறகு கோயில் வாசலோ கல்யாண வீடோ, கழற்றிப் போட்ட செருப்பைக் கண்டால் யாரும் பார்க்காதபோது புரட்டிப் பார்ப்பேன். சில மாதம் கழித்து, அதற்காகவே வாலாஜாபேட்டைச் சந்தைக்கும் போனேன். செருப்புக் கடைகள் வரிசையில் ஒரு பெரியவர் மண்ணில் குந்தியிருந்தார். புதுச் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடிப்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார். அது எங்கள் சாயபு.