சேலை கட்டிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நான் பெண்ணானேன்.

பதறவேண்டாம். நாடகம் முடியும்வரைக்கும்தான். வெள்ளவத்தையில் எங்கள் சங்கம் போட்ட நாடகத்தில், வாயாடி மனைவியாக வேடங்கட்டவிருந்த சின்னராசாவுக்கு முதல் நாள் கூகைக்கட்டு. ஆண்கள் பெண் வேடம் போடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு கன்னம் மட்டும் பலாப்பழமாக வீங்கிய நாயகியை எந்தச் சபை ஏற்கும்?

நாடகம் பழக்கிய கந்தையா மாஸ்டர் கொட்டாஞ்சேனையிலிருந்து ட்ராமும் பஸ்ஸும் மாறி என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வழக்கமான இடத்தில், சாய்மனைக்கதிரையில் இருந்தேன்.

"ரிகர்சல் எல்லாத்துக்கும் வந்திருந்து நொட்டை சொன்னது நீர்தானே? வசனம் முழுக்க உமக்குப் பாடம். கட்டும் சேலையை."

"மாஸ்டர், எனக்கு நாற்பத்தெட்டு வயசு. மீசை வேறை இருக்கு."

"மீசை திரும்ப முளைக்கும். சபை முளைக்காது."

நான் பார்வையாளன், ஐயா! இருந்த இடத்திலிருந்தே பிறரைக் கேலிசெய்து பேப்பரில் எழுதிப் பேர் வாங்கியவன். மேடை என்பது எனக்கு மற்றவர்கள் விழுகிற இடம்.

மறுக்க வாயெடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி பாக்கியத்தின் குரல் வந்தது: "செய்யட்டும் மாஸ்டர். அந்தக் கதிரைக்கும் ஒருநாள் ஓய்வு வேணும்தானே?"

சேலையையும் அவளே கட்டிவிட்டாள். மூச்சு விட இடம் வைக்கவில்லை.

யுத்தத்துக்காக இரவில் விளக்கை அணைத்துவைக்கும் பிளாக்-அவுட் காலம். இருட்டுமுன் முடிக்கவேண்டுமென்று வெயிலிலேயே நாடகம். அதன் பலன்? சபையில் ஒவ்வொரு முகமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முன்வரிசையில் என் கந்தோர்ப் பெரிய கிளாக்கர். பெண்கள் பக்கத்தில் பாக்கியம், விசிறியோடு.

கணவனாக நடித்தவர் உள்ளே வந்து, "சாப்பாடு ஆச்சுதோ?" என்றார். நான் பொரிந்து தள்ளவேண்டிய கட்டம்.

வசனம்... போயே போய்விட்டது. சபை இருமியது. பக்கத்திரைக்குப் பின்னால் மாஸ்டர் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சாப்பாடோ? கூப்பன் அரிசியிலை கல்லுக் கிடந்தா நான் என்ன, லண்டனுக்கு எழுதிக் கேக்கிறதோ? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பேப்பரிலை எழுதத் தெரியுது, எங்கடை படலைக் கொளுக்கி மூண்டு மாதமாய்த் தொங்குது! குடையைத் துலைச்சது நீங்கள், பஸ்ஸிலை வந்தவையெல்லாம் கள்ளரோ? என்ரை அண்ணர் வந்தா மட்டும் உங்களுக்குத் தலையிடி வரும்!"

சபை அதிர்ந்தது. பெரிய கிளாக்கர் கதிரைக் கையில் அடித்து அடித்துச் சிரித்தார். நாடகத்தில் அந்தக் கணவன் ஒரு சுருட்டு வியாபாரி. அவன் எப்போது பேப்பரில் எழுதினான்? யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது.

எனக்கும்தான். நின்ற நிலையில் ஏசித் தீர்த்தேனே, அதில் ஒரு சொல்லாவது என் சொந்தச் சரக்கா? காதில் விழவேயில்லை என்று நான் நம்பியிருந்தவை எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கின்றன. அத்தனையும் உண்மை என்பதுதான் சங்கடம். தன் வட்டத்தை விட்டு வெளியே வந்தால்தான் மனிதன் தன்னைக் காண்பான் என்கிறார்களே... கண்டேன். பார்க்கச் சகிக்கவில்லை.

பெண்கள் பக்கம் பார்த்தேன். எல்லோரும் தலைப்பால் கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. விசிறி நின்றுபோயிருந்தது. வீட்டுக்குள் சொன்னதைச் சபைக்குக் கொண்டுவந்தவனை எந்த மனைவி மன்னிப்பாள்?

கைதட்டல், மாலை, மாஸ்டரின் கட்டித்தழுவல் — ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. காலிக்குப் போகும் பெருந்தெருவில் அவள் முன்னே, நான் பின்னே. கடைசியில் நானே, "கோவமோ?" என்றேன்.

நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறியள், என்ன? இவ்வளவு நாளும் சுவரோடை கதைக்கிறன் எண்டெல்லோ நினைச்சனான்." உதட்டோரம் மெல்ல இளகியது. "ஆனா, முக்கியமான நாலைஞ்சை விட்டுட்டியளப்பா."

வீடு போய்ச் சேரும்வரை அவற்றையும் கேட்டேன்.

தன்னைத் தேடிக் கதிர்காமக் காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகாதவர்கள். ஏனென்று இப்போது புரிகிறது!