சுவரில் பதியாத கைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலம் முழுக்க மட்டாஞ்சேரியில் தங்கிப் படம் வரைய எனக்கு அழைப்பு வந்தது. பழைய மிளகுக் கிடங்கொன்றை ஓவியர்கள் தங்குமிடமாக மாற்றியிருந்தார்கள். சாப்பாடும் சாயமும் அவர்கள் பொறுப்பு. கடைசியில் கண்காட்சிக்கு ஒரு பெரிய படம் தர வேண்டியது என் பொறுப்பு. கோயம்புத்தூரிலிருந்து போன எனக்கு அங்கே ஒரு கோடுகூட ஓடவில்லை. நிர்வாகி தினமும் வாசலில் நின்று, "ஏதாச்சும் ஆயோ?" என்று, படம் ஏதாவது முடிந்ததா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே மதியச் சாப்பாடு முடிந்ததும் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு நடந்துவிடுவேன்.

அங்கே குறுகலான மரப்படியில் இறங்கினால் ஒரு கீழறை. சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக ஓவியம். அன்று என்னைத் தவிர ஒரு தம்பதி மட்டும் இருந்தார்கள். பல்லக்கு பார்க்க வேண்டுமென்று மனைவி மேலே போன சற்று நேரத்தில் காற்று கிளம்பி, படிக்கு மேலிருந்த கதவு அறைந்து சாத்திக்கொண்டது. மின்சாரமும் போயிற்று. நான் ஏறிப் போய்த் தள்ளினேன். மழையில் ஊறிய மரம் நிலையில் இறுகியிருந்தது.

"கதவு வரலை. ஆளைக் கூட்டிட்டு வரேன், பயப்படாதீங்க" என்று வெளியிலிருந்து அந்த மனைவியின் குரல் கேட்டது.

அவள் யாருக்காகச் சொன்னாள் என்று திரும்பியதும் புரிந்தது. கணவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலக் கைகளை நீட்டியபடி சுவரை நோக்கிப் போனார். ஈரக் கை பட்டால் அந்தச் சாயம் உரிந்துவிடும்.

"சுவத்துல கைய வெக்காதீங்ணா" என்று ஓடிப்போய் அவர் மணிக்கட்டுகளைப் பிடித்தேன். அவர் என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டார். எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது.

"சேச்சி, எனக்கு ஏலூர்ல ஃபேக்டரில ஜோலி. ஒருக்கா டாங்க் கழுவ எறங்கினப்போ மூடி விழுந்துபோச்சு. பின்னே அடச்ச இடம் எனக்கு ஆகாது."

சிறு ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அதோ மான், அது கிளி, அங்கே ஒரு பெண் தலை சாய்த்திருக்கிறாள். "கிளி எங்கே?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கே மூச்சு வந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் கடப்பாரை போட்டுக் கதவைத் திறந்தார்கள்.

நேராகக் கிடங்குக்குப் போய்த் தூரிகையை எடுத்தேன். அடுத்த சில நாட்கள் வேறெதுவும் ஓடவில்லை. சிவப்புச் சுவர், அதைத் தொடாமல் காற்றில் நிற்கும் இரண்டு கைகள், பின்னால் அவருடைய முகம். நிர்வாகி பார்த்துவிட்டு, கண்காட்சிச் சுவரில் அதற்கு இடம் அளந்துவிட்டுப் போனார். அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அந்தத் தம்பதி விசாரித்துக்கொண்டு கிடங்குக்கே எனக்கு நன்றி சொல்ல வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"இது நான்தானே?"

"ஆமாங்ணா."

"ஃபேக்டரில ஆருக்கும் என் பயம் அறியாது சேச்சி. அறிஞ்சா சிரிப்பாங்க. இதை வைக்க வேண்டாம்."

என்னிடம் இருந்தது அந்த ஒரே படம். கோபம் வந்தது. "இது என்னோட வேலைங்ணா" என்றேன். மனைவி படத்தின் அருகே போய்ப் பார்த்துவிட்டு, "முகம் வேண்டாம் சேச்சி. கை இருந்துக்கட்டும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு விளக்கைப் படத்துக்கு அருகே இழுத்து வைத்தேன். பிறகு சாயம் சுரண்டும் தகட்டுக் கத்தியால் முகத்தைச் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை. மங்கலான செம்மண் கறை ஒன்று தங்கிவிட்டது. "நாசமாக்கிட்டீங்க" என்றார் நிர்வாகி. வேறு படம் இல்லாததால் அதையே மாட்டினார்.

கண்காட்சியின் கடைசி நாளில் அந்த ஏலூர்க்காரர் தனியாக வந்தார். கறையையும் கைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஃபோர்மேன்கிட்ட நானே சொன்னேன், டாங்க்ல எறங்க மாட்டேன்னு" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சான். பின்னே வேற ஜோலி குடுத்தான்."

இருவரும் வெளியே போய்ச் சாயா குடித்தோம். பிற்பாடு நான் வரைந்தவற்றில் பாதிக்கு மேல் கைகள்தான்.