வாக்குச்சீட்டோடு நடந்தவர்

லிஸ்பனுக்கு வந்த முதல் ஏப்ரலில், பஸ்சுக்காக நின்ற என் கையில் முன்பின் தெரியாத ஒரு பெண் சிவப்புப் பூவொன்றைத் திணித்தாள். விற்கிறாளாக்கும் என்று சில்லறையை எடுத்தேன். சிரித்துக்கொண்டே வேண்டாமென்று போய்விட்டாள். சர்வாதிகாரம் ஒழிந்த நாளை இந்த ஊரார் பூக்கொடுத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இலங்கை மலையகத்தில் எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் இப்படிச் செய்திருந்தால், பொழுது சாய்வதற்குள் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கல்யாணப் பேச்சு ஓடியிருக்கும்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் எங்கள் பகுதி நூலகத்தில் அந்தக் காலத்து ஆவணப்படங்களைக் காட்டுவார்கள். ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கும் நான், மொழி பிடிபடட்டும் என்று போய் உட்கார்ந்தேன். பிறகு ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு படத்தில், ஆயுளில் முதல்முறை வாக்களிக்க வந்த ஒரு கிழவி, வாக்குச்சீட்டைப் பெட்டியின் வாயில் வைத்தபடி கையை விடாமல் நிற்பாள். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று நூலகர் லூசியாவிடம் அந்தப் படத்தைக் கேட்டேன். அப்பாவுக்கும் நாற்பது வயதுக்கு மேல்தான் ஓட்டு வந்தது என்றதும், உங்கள் நாட்டிலும் சர்வாதிகாரமா என்றார். தேர்தலெல்லாம் தவறாமல் நடந்தது, தோட்டத்து ஆட்களின் பெயர்தான் பட்டியலில் இல்லை என்றேன். அலுவலகத்தில் சொல்லித் திருத்தியிருக்கலாமே என்றார் அந்த நல்ல மனுஷி. சுதந்திரம் வந்ததுமே எங்கள் பிரஜாவுரிமையையே பறித்த கதையை விளக்க என் போர்த்துகீசு போதவில்லை.

போன வருடம் லீவில் ஊருக்குப் போனபோது படத்தோடு ஒரு ரகசியமும் கொண்டுபோனேன். எனக்குப் போர்த்துகல் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. கிடைத்த கையோடு இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்பா பாதி ஆயுள் காத்திருந்து வாங்கியதை நான் தவறவிட்டதை எந்த வாயால் சொல்வது? மூன்று நாள் மென்று விழுங்கினேன். நாலாம் நாள் சாயந்தரம் டிவியில் படத்தைப் போட்டேன். வேலை விட்டு வந்த பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கிழவி கையை விடாமல் நிற்கும் இடம் வந்ததும் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"விடமாட்டா. கடதாசி இல்லாமக் கெடந்தவ கைக்குக் கடதாசி வந்தா விடுவாளா? நானும் புள்ளடியப் போட்டுட்டு, பெட்டியில போடாம, சீட்ட மடியில கட்டிக்கிட்டு வெளிய நடந்துட்டேன்ல."

தோட்டத்தில் மருந்துக்கும் துண்டுச்சீட்டு, அரிசிக்கும் துண்டுச்சீட்டு. எந்தத் துண்டையும் தொலைக்கக் கூடாது என்றே வளர்ந்தவர். அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்தத்தான் எடுத்துவந்திருக்கிறார். வாக்களிப்பு நடந்த ஸ்கூலின் கேட் வரை துரத்தி வந்த பொலிஸ்காரர், சிங்களத்தில் திட்டி, கடைசியில் தானும் சிரித்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெட்டியில் போடவைத்தாராம். இத்தனை வருடம் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாத கதை. அம்மாவுக்கே தெரியாது. லயமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் எனக்கும் தைரியம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அங்க ஓட்டு இருக்கா ஒனக்கு?"

"இருக்குப்பா."

"அப்ப போடு. இங்க உள்ளதுக்கும் எழுதிப் போடு. காத்துக்கெடந்து வாங்குறது நம்மளுக்குப் புதுசா?"

எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்று கோப்பை கோப்பையாகத் தேத்தண்ணி குடித்தேன்.

லிஸ்பனுக்குத் திரும்பியபின் இங்கே தேர்தல் வந்தது. அங்கே என்ன நடக்கிறதென்று கேட்கவாவது வேண்டும் என்று அப்பா அடம்பிடித்ததால், போனைத் துண்டிக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். இங்கே வாக்களிப்பவரின் முழுப்பெயரையும் உரக்க வாசிப்பார்கள். நம் வழக்கப்படி எனக்குக் குடும்பப்பெயர் அப்பாவின் பெயர்தான். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சிவகுமார் முத்தையா" என்று வாசித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள், லிந்துலையிலிருந்து, என் பைக்குள், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் சொல்வதுபோல அப்பா குரல் கொடுத்தார்:

"இருக்கேங்க."